வாயும் உடம்புதான்

வாய் என்பது நம் சனங்களுக்கு வெறும் உறுப்பாக இருந்ததே இல்லை. ஊர்க்காரர் முன்னால் பேசும்போது அதைக் கையால் பொத்திக்கொள்ளச் சொன்னார்கள். டீக்கடையில் அது படும் குவளை தனி என்றார்கள். வெய்யிலில் கழனி வேலை பார்த்துவிட்டுத் தண்ணி கேட்டால், இரண்டு கையையும் குவித்து வாய்க்கு நேரே ஏந்தச் சொல்லி மேலேயிருந்து ஊற்றினார்கள். சொம்பில் வாய் பட்டுவிட்டால் சொம்பு தீட்டு.

எம்.ஏ. தமிழ் படித்தபோது காமத்துப்பால் பாடம் இருந்தது. தலைவியின் பல்லிடையில் ஊறிய நீர் பாலும் தேனும் கலந்தது போல இருக்கிறது என்கிறார் வள்ளுவர். பேராசிரியர் ரசித்து ரசித்து நடத்தினார். வகுப்பே சிரித்தது. எனக்கு எங்க ஊர் டீக்கடைக் கூரையில் சொருகி வைத்திருந்த கொட்டாங்கச்சிதான் ஞாபகத்துக்கு வந்தது. ஆயா சொல்லிக் கேட்ட கொட்டாங்கச்சி அது. ஒருத்தியுடைய எச்சில் தேன். இன்னொருத்தியுடைய எச்சில் தீட்டு. இரண்டும் ஒரே தமிழில்தான் இருக்கிறது.

எச்சிலைப் பற்றியும் தீட்டைப் பற்றியும் நாம் நிறைய எழுதிவிட்டோம். நான் இப்போது சொல்ல வந்தது அந்த வாய்க்குள்ளே இருக்கிற பல்லையும் ஈறையும் பற்றி. பல்லைப் பத்தி எழுத இன்னா இருக்கு, வலிச்சா புடுங்கிப் போட வேண்டியதுதானே என்று கேட்கலாம். அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறார்கள், அரசாங்க ஆஸ்பத்திரியும் சேர்த்து. அந்த நினைப்பால் நம் தெருக்களில் எத்தனை பேர் நாற்பது வயசிலேயே பொக்கை வாயோடு இருக்கிறார்கள், அதனால் அவர்களுடைய சக்கரையும் ரத்தக் கொதிப்பும் எப்படி அடங்காமல் போகிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சக்கரை நோயைப் பணக்காரன் வியாதி என்று சொன்ன காலம் போய்விட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு ஒன்று 2023-இல் வெளியானது. நாட்டில் சக்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர் என்றது அது. இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் விளிம்பில் நிற்கிறார்கள். எங்க பக்கம் கரும்பு வெட்டுப் பக்கம். சக்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி லாரி ஏற்றுகிற சனங்களுக்குத்தான் இப்போது வீட்டுக்கு வீடு சக்கரை. காலையில் டீ, பத்து மணிக்கு டீயும் பன்னும், மத்தியானம் ரேஷன் அரிசிச் சோறும் தண்ணிக் குழம்பும், சாயங்காலம் மறுபடி டீ. பசியை அடக்க நம் சனத்துக்குக் கிடைத்த மலிவான சாப்பாடு சக்கரைதான்.

அண்ணல் அம்பேத்கரையே இந்த நோய் விடவில்லை. 1948-இல் அவர் மணந்துகொண்ட சவிதா அம்மையார் ஒரு மருத்துவர். இன்சுலினையும் பத்தியத்தையும் அந்த அம்மாதான் கவனித்துக்கொண்டார். 1956 டிசம்பரில் கண்மூடும் வரை அந்த உடம்போடுதான் அவர் அத்தனை வேலையும் செய்தார். அவருக்கு வீட்டுக்குள்ளேயே மருத்துவர் இருந்தார். எங்க பெரியம்மாவுக்கு ஓ.பி. சீட்டுதான் இருந்தது.

பெரியம்மாவுக்கு 2014-இல் சக்கரை கண்டுபிடித்தார்கள். அப்போது நாற்பத்தாறு வயசு. சுடுகாட்டுப் பாதைக்காக நடந்த மறியலில் முன்வரிசையில் நின்று கோஷம் போட்டவள். அவள் குரல் எழுந்தால் போலீஸ் வேன் சத்தமே அமுங்கிப் போகும் என்பார்கள். மாசம் தவறாமல் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டாள். ஆனாலும் சக்கரை இறங்கவில்லை. வெறும் வயிற்றில் பார்த்தால் 240, 260 என்றே நின்றது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். "சோறு நெறைய துன்றியா?" என்று ஒவ்வொரு தடவையும் அதட்டினார். ஒரு தடவைகூட யாரும் "வாயத் தொற" என்று சொல்லவில்லை.

தொறக்கச் சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும். பல் விளக்கும்போது எகிறிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. எங்க பக்கம் ஈறை எகிறு என்றுதான் சொல்வோம். சங்கத் தமிழில் எயிறு என்றால் பல். முல்லை அரும்பு மாதிரி என்று புலவர்கள் பாடின எயிறு. எங்க எகிறைப் பாட யாரும் இல்லை. அமுக்கினால் சீழ் வந்தது. வாய் நாறுகிறது என்று அவளே தள்ளி உட்கார ஆரம்பித்தாள். பல் நீளமானது போலத் தெரிந்தது, பிறகு ஆடியது. முதல் பல்லை அவளே நூல் கட்டி இழுத்துப் போட்டாள்.

நான் அவளைத் தாலுக்கா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பல் பிரிவு தனிக் கட்டடத்தில் இருந்தது. அங்கே சீட்டைப் பார்த்துவிட்டு, "சுகர் இவ்வளவு இருக்கறப்போ பல்லுல கை வைக்க முடியாது, கொறச்சிட்டு வாங்க" என்றார்கள். சக்கரை பார்க்கிற இடத்துக்கு வந்து வரிசையில் நின்றோம். "பல்லுலாம் இங்க பாக்கறதில்ல, அந்தப் பில்டிங்குக்குப் போங்க" என்றார்கள். இப்படி மூணு மாசத்தில் ஐந்து தடவை. "பஸ்ஸுக்குத்தான் காசு இல்லன்னுட்டாங்க. போன நாளுக்குக் கூலி யாரு குடுப்பா?" என்று பெரியம்மா கேட்டாள். ஆறாவது தடவை அவள் வரவில்லை. டவுனில் தனியார் கிளினிக்குக்குப் போனாள். ஈறு சுத்தம் பண்ணி, வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்ற ஆயிரக்கணக்கில் ஆகும், பிடுங்கினால் ஒரு பல்லுக்கு ஐந்நூறு என்றார்கள். நம் சனம் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்கு அவளுக்குப் பதினாலு பல் இல்லை.

இதில் அந்த இரண்டு கட்டடத்து ஆட்களையும் நான் தனியாகத் திட்ட மாட்டேன். சக்கரை அதிகமாக இருந்தால் பல் பிடுங்கின புண் ஆற நாளாகும், சீழ் பிடிக்கும் என்பது உண்மைதான். சக்கரை பார்க்கிறவருக்குப் பல் பிடுங்கத் தெரியாது என்பதும் உண்மைதான். அவரவர் படித்த புத்தகத்தின்படி இரண்டு பேரும் சரி. ஆனால் அந்த இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் இருந்த இருநூறு அடி தூரத்தில் ஒரு மனுஷியின் வாய் அழிந்துபோனது. உடம்பைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கதவு வைத்துவிட்டார்கள். கதவுக்குக் கதவு நடக்கக் கூலியை இழக்க முடியாதவர்கள் வெளியே நிற்கிறார்கள்.

மருத்துவம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? சக்கரை கூடினால் ஈறிலுள்ள சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் கெட்டுப் போகின்றன. கிருமியோடு சண்டை போடும் அணுக்கள் மந்தமாகின்றன. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் பை மாதிரி பள்ளம் விழுந்து அதில் சீழ் தங்குகிறது. பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைகிறது. இது ஒரு பக்கம். மறுபக்கம், அந்தச் சீழ்ப் புண்ணிலிருந்து கிளம்பும் அழற்சிப் பொருட்கள் ரத்தத்தில் கலந்து இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுக்கின்றன. அதனால் சக்கரை மேலும் ஏறுகிறது. சக்கரை ஈறைக் கெடுக்கும், ஈறு சக்கரையைக் கெடுக்கும். வாயெல்லாம் ஈறு நோய் பரவியிருந்தால் உள்ளே இருக்கும் புண்ணின் பரப்பு உள்ளங்கை அளவுக்கு வரலாம் என்று பல் மருத்துவர்கள் ஒப்பிட்டுச் சொல்வார்கள். காலில் அவ்வளவு பெரிய புண் இருந்தால் அந்த டாக்டர் விட்டிருப்பாரா? வாய்க்குள் இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

இதெல்லாம் நேற்றுக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. நார்வேயில் பிறந்த ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ அறிஞர் 1993-இலேயே ஈறு நோயைச் சக்கரை நோயின் ஆறாவது சிக்கல் என்று எழுதினார். கண், சிறுநீரகம், நரம்பு, ரத்தக் குழாய், ஆறாத புண் என்ற வரிசையில் ஈறையும் சேர்க்கச் சொன்னார். அவர் அதற்கு ஆதாரமாக எடுத்துக்கொண்ட ஆய்வுகள் அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் பிமா பழங்குடி மக்களிடம் செய்யப்பட்டவை. உலகிலேயே சக்கரை நோய் மிக அதிகமாகப் பதிவான மக்களில் அவர்களும் உண்டு. அவர்கள் ஹீலா ஆற்றுப் பாசனத்தில் பயிர் வைத்துப் பிழைத்த விவசாயிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறிகள் அந்த ஆற்றுத் தண்ணீரை மேலேயே திருப்பிக்கொண்டார்கள். வயல் காய்ந்தது, பஞ்சம் வந்தது. காலப்போக்கில் அவர்கள் தட்டுக்கு வந்தது அரசாங்கம் கொடுத்த மாவும் கொழுப்பும் சக்கரையும். நிலமும் தண்ணியும் பறிபோன சனத்தின் வாயில் நோய் வந்து உட்கார்ந்த கதை அது. நமக்கு அது புரியாத கதையா?

ஈறைச் சுத்தம் செய்து வைத்தியம் பார்த்தால் மூணு மாசச் சக்கரைச் சராசரி குறைகிறதா என்றும் பார்த்திருக்கிறார்கள். 35 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய காக்ரேன் அமைப்பின் தொகுப்பு 2022-இல் வந்தது. மூணு நாலு மாசத்தில் 0.43 அளவுக்குக் குறைகிறது என்றது. சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் மாத்திரைக்கு மேல் மாத்திரை கூட்டியும் இறங்காமல் நிற்கும் ஒருத்திக்கு அது சின்னது இல்லை.

இதோடு சாப்பாட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சக்கரைக்காரருக்கு ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுப்பார்கள். கீரை, பச்சைக் காய், சுண்டல், கேழ்வரகு, கொய்யா என்று போட்டிருக்கும். பல் இல்லாதவள் சுண்டலை எதால் மெல்லுவாள்? கொய்யாவை எதால் கடிப்பாள்? பெரியம்மா இப்போது குழைந்த சோறும், டீயில் நனைத்த பன்னும், ரஸ்க்கும்தான் சாப்பிடுகிறாள். கறி எடுத்தால் சாறு மட்டும். எதை சாப்பிடக் கூடாது என்று தாளில் போட்டிருக்கிறதோ அதை மட்டும்தான் அவள் வாய் ஏற்கிறது. "சோறு நெறைய துன்றியா" என்ற கேள்விக்குப் பதில் அந்தப் பொக்கை வாயில்தான் இருக்கிறது.

ரத்தக் கொதிப்பு சமாச்சாரமும் இப்படித்தான். எங்க தெருவில் ஒரு அண்ணனுக்கு எகிறு வீங்கி வீங்கி முன்பல் பாதியை மூடிவிட்டது. குடிக்கிறதால் என்று சிலர் சொன்னார்கள். சாமி குத்தம் என்று சிலர் சொன்னார்கள். அவர் பி.பி.க்குச் சாப்பிட்டது அம்லோடிபின். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நிறையப் பேருக்குக் கொடுக்கப்படும் நல்ல மாத்திரைதான். ஆனால் சாப்பிடுகிறவர்களில் கொஞ்சம் பேருக்கு அது ஈறை வளரச் செய்யும். வாய் சுத்தமில்லை என்றால் இன்னும் அதிகம். ஈறைச் சுத்தம் செய்து, டாக்டர் பார்த்து மாத்திரையை மாற்றினால் பெரும்பாலும் அடங்கும். ஆனால் மாத்திரை கொடுப்பவர் வாயைப் பார்ப்பதில்லை. வாயைப் பார்ப்பவர் மாத்திரைச் சீட்டைக் கேட்பதில்லை. அந்த அண்ணன் பயந்துபோய் பி.பி. மாத்திரையையே நிறுத்திவிட்டார். அதன் ஆபத்து பல்லோடு நிற்காது. பக்கவாதத்தில் போய் முடியும்.

புகையிலையையும் சொல்லாமல் விட முடியாது. நம் பொம்பளைங்க வாயில் புகையிலை எப்படி வந்தது? நாற்று நட இறங்கினால் பொழுது சாயும் வரை குனிந்த இடுப்பு நிமிராது. பசி தெரியாமல் இருக்க வெத்தலை புகையிலை. நெல் கூலியோடு வெத்தலை பாக்கு புகையிலையையும் சேர்த்து மடியில் போட்டார்கள் என்று ஆயா சொல்லும். சாக்கடை அள்ளும் நம் ஆட்கள் நாற்றம் தாங்காமல் வாயில் அடக்கிக்கொள்கிறார்கள். பிறகு ஆஸ்பத்திரியில், "இந்த சனத்துக்குப் பல்லு வெளக்கற பழக்கமே இல்ல, எந்நேரமும் புகையிலை" என்று நம் காதுபடவே பேசுகிறார்கள். ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். எங்க ஊரில் ஆலமரம் கோயில் வாசலில் நின்றது, வேலமரம் ஊர்க்காரர் வரப்பில் நின்றது. குச்சி ஒடிக்கப் போனால் வசவுதான் கிடைத்தது. கரியும் செங்கல் பொடியும் தேய்த்துத்தான் எங்க ஆயா பல் தேய்ந்தது.

அரசாங்கத்திடம் திட்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன். தேசிய வாய்நலத் திட்டம் 2014-15-இல் வந்தது. 2018-இல் துணை சுகாதார நிலையங்களையும் ஆரம்ப சுகாதார நிலையங்களையும் நலவாழ்வு மையங்களாக மாற்றும் திட்டம் வந்தபோது, அங்கே தர வேண்டிய பன்னிரண்டு வகைச் சேவைகளில் வாய்நலமும் ஒன்று என்று எழுதினார்கள். உலக சுகாதார மன்றம் 2021-இல் தீர்மானமே போட்டது. பல்லைத் தனியாகப் பார்க்காதீர்கள், சக்கரை, இதய நோய் போன்ற தொற்றா நோய்களோடு சேர்த்துப் பாருங்கள் என்றது. உலகில் சுமார் 350 கோடி பேருக்கு ஏதாவது ஒரு வாய்நோய் இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் கணக்குச் சொன்னது. எல்லாம் காகிதத்தில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். மகளிர் குழுவிலிருந்து வந்த ஒரு பெண் காலனிக்குள் நுழைந்து, நம் திண்ணையில் உட்கார்ந்து, நம் விரலைப் பிடித்துக் குத்தி ரத்தம் பார்த்து, கையில் பட்டை சுற்றி பி.பி. பார்த்து, மாத்திரையை வீட்டிலேயே கொடுத்ததை எங்க தெரு கண்ணால் பார்த்தது. தொட மாட்டேன் என்ற கைகளையே பார்த்து வளர்ந்த ஆயாக்களுக்கு அது சின்ன விஷயமா? நான் கேட்பது அந்தப் பையில் இன்னும் ஒரு டார்ச் லைட்டு. விரலைத் தொட்ட கை உதட்டையும் தூக்கிப் பார்க்க வேண்டும். எகிறில் ரத்தம் வருதா, பல்லு ஆடுதா, சாப்பிடும்போது வலிக்குதா, ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருக்குதா என்று நாலு கேள்வி. இரண்டு நிமிஷம்.

இது நடக்காத காரியம் என்று சொல்கிறவர்கள் பிரேசிலைப் பார்க்கட்டும். அங்கே குடும்ப நலக் குழுக்கள் வீடு வீடாகப் போகின்றன. 2000-ஆம் ஆண்டு இறுதியில் அந்தக் குழுக்களோடு பல் மருத்துவக் குழுக்களையும் சேர்க்க முடிவெடுத்தார்கள். 2004-இல் லூலா அரசாங்கம் 'சிரிக்கும் பிரேசில்' என்ற பெயரில் அதை விரிவாக்கியது. பல் இழந்த ஏழைகளுக்கு அரசாங்கச் செலவில் பல் செட்டு செய்துகொடுக்கக் கூடங்கள் ஏற்படுத்தினார்கள். 2023-இல் அதைச் சட்டமாகவே ஆக்கினார்கள். நம்மிடம் ஆள் பஞ்சமா? சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953-இலிருந்து இருக்கிறது. 2023-இல் புதுக்கோட்டையிலும் ஒன்று திறந்தார்கள். நாடு முழுக்க முந்நூறுக்கு மேல் பல் மருத்துவக் கல்லூரிகள். படித்து முடித்தவர்கள் நகரத்துத் தெருவில் கிளினிக்குக்குக் கிளினிக் போட்டி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். காலனிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி இல்லை.

பல்லுப் போனா சொல்லுப் போச்சு என்பார்கள். பெரியம்மா இப்போது கூட்டத்துக்கு வந்தால் பின்னால் உட்காருகிறாள். மைக்கைக் கொடுத்தால் வேண்டாம் என்று தலையாட்டுகிறாள். யாராவது பேச்சுக் கொடுத்தால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் பதில் சொல்கிறாள். வாய் பொத்தி நிற்காதே என்று நம் முன்னோர் ரெண்டு தலைமுறை போராடிக் கையை இறக்க வைத்தார்கள். யாரும் சொல்லாமலே அந்தக் கை மறுபடி மேலே போயிருக்கிறது. "செட்டு கட்டிக்கிட்டா பேசலாம் பெரிம்மா" என்றேன். "செட்டு கட்டற காசுக்கு ஓலைய மாத்தி ஓடு போட்டுடுவேன்டி" என்றாள்.

எனவே இதை நாம் கோரிக்கையாக வைக்க வேண்டும். சக்கரை, பி.பி. பார்க்கும் நாளில் அதே இடத்தில் பல் மருத்துவரும் உட்கார வேண்டும். சக்கரை என்று கண்டுபிடித்த அன்றைக்கே வாயையும் பார்த்து அதே புத்தகத்தில் எழுத வேண்டும். பல் ஆடுகிறது என்று வருகிறவருக்கு அங்கேயே விரலில் குத்திச் சக்கரை பார்க்க வேண்டும், தெரியாமல் இருக்கும் எத்தனையோ பேர் அப்படித் தெரியவருவார்கள். ஈறு சுத்தம் செய்வதும் பல் செட்டும் இலவசமாக, அலைய விடாமல் கிடைக்க வேண்டும். பிடுங்குவது கடைசி வைத்தியமாக இருக்க வேண்டும், ஏழைக்கு மட்டும் முதல் வைத்தியமாக இருக்கக் கூடாது.

கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கூடுகிறது. ரோடு, தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை என்று தீர்மானம் கொடுக்கிறோம். அதோடு இதையும் எழுதிக் கொடுங்கள்: எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சக்கரை நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கும் நாளிலேயே பல்லும் ஈறும் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பதிவேட்டில் ஏற்றாமல் எழுந்திருக்காதீர்கள்.